தழும்பு தெரியாத கூரை

ஓசூர்,
அக்டோபர் 6

அக்காவுக்கு,

சதீஷ் எழுதுகிறேன். கவரின் பின்பக்கம் என் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டிருப்பாய். என் நம்பரை நீ பிளாக் செய்து நாற்பது நாள் தாண்டிவிட்டது. போன வாரம் எங்கள் மேஸ்திரியின் போனிலிருந்து கூப்பிட்டேன். "அக்கா" என்பதில் பாதி சொல்வதற்குள் வைத்துவிட்டாய். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதிய பிறகு நான் கையால் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

மாமாவை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டதாக அம்மா குடியாத்தத்திலிருந்து போன் செய்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்றாள். மாமாவைத் தூக்கி உட்கார வைக்க வேண்டிய நேரத்தில் நான் இங்கே ஓசூரில் யாரோ ஒருவரின் ஃபேக்டரிக் கூரைக்கு கோட்டிங் கலக்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, உன் தையல் ஷெட் கூரையைப் பற்றித்தான் எழுத வந்தேன். மாமா விழுந்த ஓட்டையின் மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறாயாம். அது ஐப்பசி மழைக்கு நிற்காது. அதோடு இன்னொரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். மே மாதம் நான் உன் ஷெட்டுக்கு கோட்டிங் போட்டபோது, பாத்ரூம் பக்கத்துக் கடைசி மூன்று வரிசை ஷீட்டுக்கு ஒரு கோட்டுதான் போட்டேன். இரண்டாவது கோட்டுக்கு முன்னால் கோடை மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் போடலாம் என்று விட்டேன், வாணியம்பாடியில் வேறு வேலை வந்தது, போய்விட்டேன். ஆகஸ்டில் ஒழுகியது அந்த இடம்தான். மற்ற இடத்தில் ஒரு சொட்டு வராது, அதற்கு நான் பொறுப்பு.

யாரையும் மேலே ஏற்றாதே. அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு முப்பது வயசு ஆகிறது. கோட்டிங் தண்ணீரை நிறுத்தும், ஆளைத் தாங்காது. நீ ஒரு வரி எழுதினால் நானே வந்து, கீழே நின்று, ஆளை வைத்து முடித்துத் தருகிறேன். ஓட்டைக்குப் புது ஷீட், கடைசி மூன்று வரிசைக்கு மறுபடி கோட்டிங். இரண்டு நாள் வெயில் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

உன் தம்பி
சதீஷ்குமார்


ஆம்பூர்,
அக்டோபர் 11

சதீஷுக்கு,

கம்பெனியிலிருந்து வந்த தபால் என்று நினைத்துப் பிரித்துவிட்டேன். பிரித்ததற்காகப் படித்தேன். படித்ததற்காகப் பதில் எழுதுகிறேன். போனில் பேசச் சொல்லாதே. உன் குரல் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஒரு கோட்டு போட்டாயா, ஒன்பது கோட்டு போட்டாயா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஆகஸ்ட் இருபத்தொன்று, காலை பதினோரு மணி. பெண்கள் எல்லாம் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். நான் மட்டும் உள்ளே தைத்து முடித்த ஷூ மேல்தோல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மழையில் ஒழுகிய இடத்தில் பேஸ்ட் வைக்க உன் மாமா மேலே போனார். தலைக்கு மேல் அவர் காலடிச் சத்தம் நான்கோ ஐந்தோ கேட்டது. அப்புறம் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சத்தோடு சேர்ந்து அவர் விழுந்தார். மூன்றாவது லைன் தையல் மேஜையின் விளிம்பில் இடுப்பு பட்டுத் தரையில் சரிந்தார். அவரைச் சுற்றி ஷீட் துண்டுகள். ஒரு பக்கம் அழுக்கு, மறு பக்கம் நீ பூசிய வெள்ளை.

என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "போல்ட்டு தெரியல தேவி."

இருபது வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷன். இந்த மாதிரிக் கூரை எத்தனையோ ஏறியிருக்கிறார். ஷீட்டுக்கு அடியில் இரும்புக் குழாய் எங்கே போகிறதோ அங்கேதான் போல்ட் இருக்கும், போல்ட் வரிசை மேல்தான் கால் வைக்க வேண்டும் என்று ஃபிட்டர் பெண்டாட்டி எனக்கே தெரியும். கோட்டிங்காரன் உனக்குத் தெரியாதா? அத்தனை போல்ட்டையும் எதற்குடா மூடினாய்? ஒரு போல்ட் தலை வெளியே தெரிந்திருந்தால் என் புருஷன் இன்றைக்குத் தானாக எழுந்து பாத்ரூம் போவார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உன்னைப் போ என்றேன். இன்னும் அதையேதான் சொல்கிறேன். என் வாசற்படி ஏறாதே.

கீழே நின்று ஆளை வைத்து முடிப்பாயாம். நல்ல யோசனை. நீ கீழே நிற்பாய், வேறு யாராவது மேலேயிருந்து விழுவான்.

நவம்பர் பதினெட்டாம் தேதி ஷூ கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறார்கள். லைன் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் மிஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மிஷின் அவர்களுடையது, லெதரும் அவர்களுடையது. எங்களுடையது கை மட்டும்தான். முப்பத்து நான்கு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காவது வேறு கம்பெனி பஸ் வரும். நான் பஸ் ஏறினால், காலை ஆறரைக்குப் போய் ராத்திரி எட்டுக்குத் திரும்பினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவரை யார் புரட்டிப் படுக்க வைப்பது? ஷெட்டுக்கு ஒட்டினாற்போல் வீடு இருப்பதால்தான் இந்த மனுஷனின் முதுகில் இன்னும் புண் வராமல் இருக்கிறது. இந்த ஷெட் போனால் அவர் போய்விடுவார். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

தேவிகா


ஓசூர்,
அக்டோபர் 16

அக்காவுக்கு,

ஏன் மூடினாய் என்று கேட்டாய். எட்டு வாரமாக என்னை நானே கேட்டுக்கொள்வதும் அதுதான்.

கோட்டிங் வேலைக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் பேரணாம்பட்டில் தோல் ஃபினிஷிங்கில் இருந்தேன், உனக்குத் தெரியும். அங்கே எங்கள் மேஸ்திரி முனீர் அகமது பாய் முதல் நாளே ஒரு தோலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், சூடு போட்ட இடம். "இதெல்லாம் தெரிஞ்சா செகண்ட் கிரேடு தம்பி. தெரியாம பண்ணா ஃபர்ஸ்ட் கிரேடு. உன் வேல அவ்ளோதான்" என்றார். பதினோரு வருஷம் நான் செய்தது அது ஒன்றைத்தான். தழும்பை அடைப்பது, தேய்ப்பது, மேலே பூசுவது, கை வைத்துத் தடவிப் பார்ப்பது. கண்ணுக்கும் தெரியக் கூடாது, கைக்கும் தெரியக் கூடாது.

உன் கூரை மேல் ஏறியபோது நான் பார்த்தது தழும்புதான் அக்கா. துருப் பிடித்த போல்ட், அதைச் சுற்றி விரிசல், பழைய தார் ஒட்டு. அக்கா ஷெட் ஆயிற்றே, மற்றவர்களுக்குச் செய்வது மாதிரி செய்யக் கூடாது என்று நினைத்தேன். மற்ற ஷெட்டில் போல்ட்டைச் சுற்றிக் கொஞ்சம் பேஸ்ட் வைத்துவிட்டுப் போய்விடுவேன். உன்னுடையதில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் வலைத்துணி வைத்து, மூன்று தடவை பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மட்டமாக்கினேன். ஆறு நாள் ஆனது. நீ ஏணியில் பாதி ஏறி வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பால ஊத்தி வெச்சாப்ல இருக்குது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஆறு நாள் கூடத் தேய்த்திருப்பேன்.

வேறு யார் ஷெட்டாக இருந்தாலும் போல்ட் தெரிந்திருக்கும். உன் ஷெட் என்பதால் தெரியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கீழே நிற்பேன் என்று எழுதியதைப் பார்த்து நீ கேலி செய்தாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னால் ஏற முடியவில்லை. இங்கே சேர்ந்த முதல் நாள் ஏணியில் நான்கு படி ஏறினேன். கால் ஆட ஆரம்பித்தது, ஏணியே சத்தம் போட்டது. மேஸ்திரி கீழே இறக்கிவிட்டு, "டிரம்ம கலக்கு, போ" என்றார். அன்றிலிருந்து டிரம் கலக்குகிறேன். கூரைக் கோட்டிங்காரன், கூரை ஏற முடியாதவன். பசங்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியாது.

வாணியம்பாடியில் என்னோடு வேலை செய்த இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். தீபாவளி முடிந்ததும் உன்னிடம் வருவார்கள். நல்ல வேலைக்காரர்கள். கோட்டிங் டிரம்மும் வலைத்துணியும் நான் பார்சல் லாரியில் அனுப்பிவிட்டேன். என் பெயர் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்.

மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

சதீஷ்


ஆம்பூர்,
நவம்பர் 4

சதீஷுக்கு,

உன் ஆட்கள் வந்தார்கள். டிரம்மும் வந்தது. டிரம் மட்டும்தான் இங்கே இருக்கிறது.

இரண்டு பேரும் ஏணி போட்டு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் கையால் தட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "எங்கம்மா போல்ட்டு? நாங்க எங்க நடக்குறது?" என்றார்கள். பலகை போட்டு நடக்கலாமே என்றேன். "பலகைக்கு அடியில குழாய் இருக்குதுன்னு யாரு சொல்றது? எங்களுக்கும் புள்ள குட்டி இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அதற்கப்புறம் ஆம்பூரிலேயே மூன்று பேரைக் கூப்பிட்டேன். விழுந்த கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தர் ஷெட் வரைக்கும் கூட வரவில்லை.

ஷெட் சொந்தக்காரரிடம் ஷீட்டையே மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். ஒரு மாசம் காலி செய்து கொடு, மாற்றித் தருகிறேன் என்கிறார். ஒரு மாசம் மூடினால் அதற்கப்புறம் எதைத் திறப்பது?

வெள்ளிக்கிழமை மழை தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போனது. ஓட்டை வழியாகக் குடத்தைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. மிஷின்கள் மேல் பாலித்தீன் போட்டு, அதைக் காற்று தூக்காமல் பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார்கள். கட்டிங் செய்து வந்திருந்த லெதரில் இரண்டு மூட்டை நனைந்து கறை பிடித்துவிட்டது. ஷஹீன் பானு அதைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள், போகவில்லை. மார்க்கிங் மேஜைக்கு அவள்தான் பொறுப்பு, பத்து வருஷ வேலைக்காரி. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

உன் மாமாவைப் பகலில் ஷெட்டுக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுக்க வைக்கிறேன். வீட்டுக்குள் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் விழுந்து வந்த ஓட்டை அவர் கண்ணுக்கு நேராக இருக்கிறது. கட்டிலை நகர்த்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பேச்சு ரொம்பக் கம்மி ஆகிவிட்டது.

நான் முடிவு செய்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை யூனிட் லீவு. நானே ஏறுகிறேன். நான் ஐம்பது கிலோ கூட இல்லை. இரண்டு பலகையை மாற்றி மாற்றிப் போட்டுத் தவழ்ந்து போனால் ஆகாதா? பலகைக்கு அடியில் குழாய் இருந்தால் பிழைப்பேன். இல்லாவிட்டால் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்க்கலாம். என்ன, புரட்டிப் போடத்தான் ஆள் இருக்காது. எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும், எத்தனை மணி நேரம் விட்டு இரண்டாவது கோட்டு போட வேண்டும், அதை மட்டும் எழுது. புத்தி சொல்ல வேண்டாம்.

இதையும் எழுதிவிடுகிறேன், ஏறுவதற்கு முன் யாரிடமாவது சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் ஏற மாட்டேன் என்றார். "சதீஷு வரட்டும் தேவி, அவன் போட்டது, அவனுக்குத்தான் தெரியும்" என்றார். நான்தான் கத்தினேன். "அவன் எப்ப வருவான், எப்ப பண்ணுவான்? அர மணி நேர வேலைக்கு ஆள பாத்துகினு இருக்கணுமா? இருபது வருஷம் இன்னா ஃபிட்டர் வேல பாத்தீங்க?" என்றேன். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் ஏணியை எடுத்தார்.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதிதான் உன்னுடையது. மீதியை வைக்க எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

தேவிகா


ஓசூர்,
நவம்பர் 6

அக்கா,

ஏறாதே.

உன் கடிதம் இன்றைக்கு மத்தியானம் வந்தது. படித்தவுடன் போஸ்ட் ஆபீஸுக்கு ஓடி வந்து, இங்கே நின்றுகொண்டே எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்ட்டில் போட்டால் வெள்ளி, மிஞ்சினால் சனிக்கிழமை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்க வேண்டும். அம்மாவிடமும் போனில் சொல்லிவிட்டேன், என் பேச்சைக் கேட்காவிட்டாலும் அவள் பேச்சைக் கேள்.

எவ்வளவு தண்ணீர் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் நீ ஏறுவாய். பலகை போட்டால் போதும் என்று நினைக்காதே. பலகையின் இரண்டு முனையும் குழாய் மேல் உட்கார வேண்டும். ஒரு முனை வெறும் ஷீட் மேல் இருந்தால், பலகையோடு நீயும் போவாய்.

நீ ஏறச் சொன்னதால் மாமா விழவில்லை அக்கா. முதல் கடிதத்தில் இன்னொன்று சொல்ல வேண்டும், இன்றைக்கு வேண்டாம் என்று எழுதினேனே, அது இது.

மாமா ஏறுவதற்கு முன் எனக்குப் போன் செய்தார்.

என் போனில் அது இன்னும் இருக்கிறது. ஆகஸ்ட் 21, காலை 10.52. ஒரு நிமிஷம் நான்கு செகண்டு. அழிக்கத் தைரியம் இல்லாமல் வைத்திருக்கிறேன். நான் அப்போது வாணியம்பாடியில் ஒரு கூரை மேல் இருந்தேன், கையில் ரோலர். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். "சதீஷு, மேல ஏறப் போறேன். எல்லாம் வெள்ளையா இருக்குது. எங்க கால் வெக்கணும்?" என்று கேட்டார். ஏணி அடியில் நின்று கேட்டிருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்தேன். "எங்க வேணாலும் வையுங்க மாமா, கல்லு மாதிரி இருக்குது. கண்ண மூடிகினு நடக்கலாம்" என்றேன்.

பெருமை அக்கா. வேறு ஒன்றுமில்லை. என் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு அந்த மனுஷன்தான் கிடைத்தார். ஆளைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன், பேச்சுவாக்கில். மாமா என் பேச்சை அப்படியே நம்புவார் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. அவர் யார் பேச்சைத்தான் நம்பாமல் இருந்திருக்கிறார்?

வராண்டாவில் நீ போ என்றபோது நான் ஏன் ஒரு வார்த்தை பேசாமல் போனேன் என்று இப்போது உனக்குப் புரியும். ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன், இன்றைக்கு மாமா உன்னிடம் சொல்லியிருப்பார், இன்றைக்குச் சொல்லியிருப்பார் என்று. உன் கடிதங்களில் அது இல்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. மறந்துவிட்டாரோ என்று கூட நினைத்தேன். மறந்திருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவ்வளவு கேவலமானவன் உன் தம்பி.

உன்னிடம் இருக்கும் மீதிக் கோபத்தையும் என் மேலேயே வை. அது எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் ஏணியைத் தொடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

சதீஷ்


ஆம்பூர்,
நவம்பர் 10, ஞாயிறு

சதீஷு,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. படித்துவிட்டு மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். உன்னைக் கூப்பிட்டுக் கண்டபடி திட்ட வேண்டும் என்று போனை எடுத்து, பிளாக்கைக் கூட எடுத்துவிட்டேன். விரல் கடைசியில் அமுக்க மாட்டேன் என்றது.

அவரிடம் கேட்டேன். சோறு ஊட்டிக்கொண்டே, "அன்னைக்கு சதீஷுக்கு போன் பண்ணீங்களா?" என்றேன். வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். அப்புறம், "பண்ணேன்" என்றார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அவன ஜென்மத்துக்கும் சேத்துக்க மாட்ட. உனுக்கு இருக்கறது ஒரு தம்பி."

"அதுக்காக மூடி வெச்சிகினு இருந்தீங்களா?"

"நீ ஏறச் சொன்னத கூடத்தான் யாருக்கும் சொல்லல" என்றார். பிறகு, "தண்ணி குடு" என்றார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எண்பது நாளாக அழாததை எல்லாம் சேர்த்து அழுதேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இருந்தும் இன்று காலை ஏணியைப் போட்டேன். பொய் சொல்லவில்லை, போட்டேன். அம்மா சொன்னாள், நீ சொன்னாய், எல்லாம் சரி. பதினெட்டாம் தேதியை யார் தள்ளி வைப்பது? மூன்றாவது படியில் நிற்கும்போது ஷஹீன் பானு வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, இறங்கு. மொதல்ல இறங்கு. நம்ம மேஜ மேல இன்னா பண்றோம்? கோடு போடாம எவளாவது லெதர் மேல ஊசி வெப்பாளா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் என்னை ஷெட்டின் முன்பக்கச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போய் மேலே கையைக் காட்டினாள். குழாய்களின் முனை ஒவ்வொன்றும் சுவருக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பின்பக்கச் சுவரிலும் அப்படியே. பத்து வருஷமாக அதில் கொடி கட்டித் துணி காயப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நீ கூரையைத்தான் பூசினாய். முனையைப் பூசவில்லை.

முன்னால் ஒரு ஏணி, பின்னால் ஒரு ஏணி. தடித்த நைலான் நூலை ரெட் ஆக்சைடு பெயிண்ட்டில் முக்கி, ஒரு குழாயின் முன்பக்க முனையில் நானும் அதே குழாயின் பின்பக்க முனையில் ஷஹீனும் பிடித்துக்கொண்டோம். கூரைக்கு மேலே விறைப்பாக இழுத்து, நூலைத் தூக்கிச் சுண்டி ஒரே தட்டு. யாரும் மேலே கால் வைக்கவில்லை. ஷீட் வளைந்து வளைந்து இருக்கிறதல்லவா, மேடான இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டியது. இறங்கி வந்து தூரத்தில் நின்று பார்த்தோம். உன் வெள்ளை மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், புள்ளி புள்ளியாகத் தையல் போட்ட மாதிரி இருந்தது. ஷஹீன் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உன் ஃபர்ஸ்ட் கிரேடு ஃபினிஷைக் கெடுத்துவிட்டோம்.

நான்கு கோடு போட்டாயிற்று. உள்ளே வந்து அவரிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூணாவது குழாய் பாதிக்கு மேல துரு தின்னுட்டுது. அந்தக் கோட்ட நம்பக் கூடாது. ஓட்டைகிட்ட நாலாவது மேல போவணும்" என்றார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அந்த ஓட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கூரை முழுக்க எந்தக் குழாய் எங்கே இற்றிருக்கிறது, எந்த ஷீட்டில் வெளிச்சம் தெரிகிறது என்று கீழேயிருந்து ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். மறுபடி ஒரு மனுஷன் இதன் மேல் ஏற வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமையிலிருந்து மறுபடி மழை என்கிறார்கள். நடுவில் மூன்று நாள்தான் வெயில். உன் வாணியம்பாடி ஆட்களுக்குப் போன் செய்தேன், கோடு போட்டதைச் சொன்னேன். கீழே நின்று எடுத்துக் கொடுக்க வருகிறார்களாம், மேலே கோட்டிங் போட்டவன் ஏறட்டும் என்கிறார்கள். போட்டவன் நீதான்.

இந்தக் கடிதத்தை ஷஹீனின் வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை லோடு இறக்க ஓசூர் வருகிறார். உன்னிடம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பார். அந்த வண்டியிலேயே ஏறு. இடுப்பில் கட்டும் பெல்ட் உன் மேஸ்திரியிடம் இருக்குமே, கேட்டு வாங்கி வா. கால் நடுங்கினால் நடுங்கட்டும், தவழ்ந்து போ. இந்த வேலை முடிந்து பதினெட்டாம் தேதி தாண்டினால், அப்புறம் உட்கார்ந்து உன்னை ஆற அமரத் திட்டுகிறேன். தாண்டாவிட்டாலும் திட்டுகிறேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்.

நீ வர மாட்டாய், பயந்து எங்கேயாவது ஓடிப்போவாய் என்று அவரிடம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார், எழுதுகிறேன்:

"அன்னைக்கு எங்க கால் வெக்கணும்னு நான் அவன கேட்டேன். இப்ப அவன் மேல நின்னுகினு என்ன கேக்கட்டும். நான் கீழ இருந்து சொல்றேன்."

வரும்போது ரெட் ஆக்சைடு ஒரு டப்பா வாங்கி வா. முகட்டுக்கு அந்தப் பக்கம் கோடு போடப் பத்தவில்லை.

அக்கா